நகல் எடுப்பது சுலபம், காப்பாற்றுவது கஷ்டம்

யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய உலக வரைபடம் ஒன்று இருக்கிறது. எடுத்தவர்கள் அதைப் புதுப்பிக்க மறந்தால் என்ன ஆகும்? கொச்சியின் இடப்பள்ளிச் சந்திப்பு பதில் சொல்கிறது.

சேலத்தில் கிளம்பும் 544-ம் எண் தேசிய நெடுஞ்சாலை கோவை, பாலக்காடு, திருச்சூர் என்று ஓடி வந்து முடியும் இடம் இடப்பள்ளி. மும்பையை அடுத்த பன்வேலில் தொடங்கி மேற்குக் கடற்கரை ஓரமாகவே இறங்கி வரும் 66-ம் எண் சாலை அதைச் சந்திப்பதும் இங்கேதான். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் கொச்சிக்குள் நுழையும் பஸ்களும் லாரிகளும் ஆம்புலன்ஸ்களும் இந்த ஒரு முனையில் வந்து குவிகின்றன. மலையாளக் கவிஞர் சங்ஙம்புழ கிருஷ்ண பிள்ளை பிறந்த அமைதியான ஊர் இது என்று இன்று சொன்னால் நம்புவது கடினம். அவர் பெயரில் ஒரு பூங்காவும் அந்தப் பூங்காவின் பெயரில் ஒரு மெட்ரோ ரயில் நிலையமும் இருக்கின்றன.

2009-ல் அச்சான வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு இங்கே வழி தேடுகிறவருக்குத் தலை சுற்றும். 2010-ல் சாலைகளின் எண்களே மாறின. அதுவரை இவை 47-ம் 17-ம். 2011-ல் இடப்பள்ளியிலிருந்து வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்துக்குப் புதிய ரயில் பாதை வந்தது. வேம்பநாட்டுக் காயலின் மீது 4.62 கிலோமீட்டர் நீளப் பாலத்தில் அது ஓடுகிறது. 2013 மார்ச்சில் லுலு மால் திறந்தது. 2016 செப்டம்பரில் சந்திப்பின் மேலே மேம்பாலம் எழுந்தது. 2017 ஜூனில் அலுவாவுக்கும் பாலாரிவட்டத்துக்கும் இடையே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கி, இடப்பள்ளிக்கு ஒரு நிலையமும் கிடைத்தது. வடக்கே மூத்தகுன்னம் வரை நெடுஞ்சாலையை ஆறு வழியாக அகலப்படுத்தும் பணி, நேற்று இருந்த திருப்பத்தை இன்று இல்லாமல் செய்கிறது.

எல்லாவற்றையும் விட நல்ல பாடம், தெற்கே சிறிது தூரத்தில் இருக்கும் பாலாரிவட்டம் மேம்பாலம். 2016 அக்டோபரில் திறக்கப்பட்டது. கட்டுமானக் கோளாறுகள் தெரியவந்து 2019 மே மாதம் மூடப்பட்டது. இடித்து எடுக்க வேண்டியதை இடித்து, மறுபடியும் கட்டி, 2021 மார்ச்சில் திறந்தார்கள். 2018-ல் எடுத்த வரைபட நகல் 2020-ல் வண்டியை மூடிய பாலத்துக்கு அனுப்பும். 2020-ல் எடுத்த நகல் 2022-ல் திறந்த பாலத்தைத் தவிர்த்துச் சுற்றவைக்கும். இரண்டும் எடுத்த அன்று சரி. பயன்படுத்திய அன்று தவறு.

வரைபடத்தின் இந்த நோய்க்கு மருந்து தேடும் முயற்சி ஒன்று இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருகிறது. மருந்து கிடைத்துவிட்டது. வேளை தவறாமல் சாப்பிடுகிறவர்கள்தான் குறைவு.

ஊர் கூடி வரைந்த படம்

2004-ல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கியது ஓப்பன் ஸ்ட்ரீட் மேப். அங்கே அரசின் வரைபடத் தகவல்களைப் பயன்படுத்தப் பணம் கட்ட வேண்டியிருந்த காலம் அது. மக்களே அளந்து மக்களே வரைந்தால் என்ன என்ற கேள்வியில் பிறந்த திட்டம். இன்று அதில் பதிவுசெய்துகொண்டவர்களின் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. படத்தில் உள்ள புள்ளிகள் 900 கோடிக்கும் மேல்.

இந்தப் படத்தின் இலக்கணம் எளிது. முதலில் புள்ளி. ஒரு மரம், ஒரு மருந்துக்கடை, ஒரு பஸ் நிறுத்தம். புள்ளிகளை வரிசையாகக் கோத்தால் கோடு. சாலை, ஆறு, வீட்டின் சுற்றளவு எல்லாம் கோடுகள்தான். புள்ளிகளையும் கோடுகளையும் ஒரு பெயரின் கீழ் சேர்த்தால் உறவு. ஒரு பஸ் தடமோ ஊராட்சி எல்லையோ இப்படித்தான் உருவாகிறது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. யாராவது கைவைத்தால் அதன் பதிப்பு எண் ஒன்று கூடும். நம் நில ஆவணங்களில் சர்வே எண் மாறாமல் இருக்க, பாகம் பிரிக்கும்போது உட்பிரிவு எண் சேர்வதை நினைத்துக்கொண்டால் விளங்கும்.

2012 முதல் இந்தத் தகவல்கள் திறந்த தரவுத்தள உரிமம் ஒன்றின்கீழ் வருகின்றன. எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், வியாபாரத்துக்கும் பயன்படுத்தலாம். யாருடையது என்று சொல்ல வேண்டும். தரவுத்தளத்தையே மாற்றி வெளியிட்டால் மாற்றியதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். நிபந்தனை அவ்வளவே.

கேரளம் இதில் பின்தங்கிய மாநிலம் அல்ல. இங்குள்ள தன்னார்வலர்கள் சாலைகளிலிருந்து தொடங்கி ஊராட்சி எல்லைகள் வரை ஏற்றியிருக்கிறார்கள். 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில் அந்த உழைப்புக்கு அவசரம் வந்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பல லட்சம் பேர் முகாம்களுக்குப் போனார்கள். நெடும்பாசேரி விமான நிலையம் ஆகஸ்ட் 15 முதல் 29 வரை மூடிக்கிடந்தது. அப்போது கேரளத்திலும் வெளியிலும் உள்ள தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து, விடுபட்டிருந்த வீடுகளையும் பாதைகளையும் வரைந்து சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு மாநில அரசே 'மேப்பத்தான் கேரளம்' என்ற பெயரில் மக்களை வரைய அழைத்தது. இதற்கு முன் 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று மக்கள் குறித்துக்கொடுத்த படத்துக்கும் இதே வரைபடம்தான் அடித்தளம்.

சொந்த நகல் எதற்கு?

படம்தான் இன்டர்நெட்டில் இருக்கிறதே, அதை ஏன் தன் கம்ப்யூட்டரில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்? காரணங்கள் நான்கு.

முதலாவது, வெள்ளமும் புயலும் வந்தால் முதலில் போவது மின்சாரமும் தொலைத்தொடர்பும். படம் தேவைப்படும் நேரமும் அதுதான். உள்ளூரில் ஒரு நகல் இருந்தால் ஜெனரேட்டர் ஓடும் ஓர் அறையில் வேலை நடக்கும்.

இரண்டாவது, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பின் பொது சர்வர்கள் நன்கொடையில் ஓடுபவை. ஒரு நிறுவனம் தன் ஆயிரக்கணக்கான வண்டிகளுக்கு அங்கிருந்தே படம் இழுப்பதை அதன் விதிகள் அனுமதிப்பதில்லை. அதிகம் தேவைப்படுகிறவர்கள் தங்களுக்கென ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது, விலை. 2018 ஜூலையில் கூகுள் நிறுவனம் தன் வரைபடச் சேவைக்குக் கட்டண முறையை மாற்றியது. அதுவரை இலவச அளவுக்குள் அடங்கியிருந்த பலர் திடீரென்று பில் கட்டும் நிலைக்கு வந்தார்கள். திறந்த வரைபடத்தின் பக்கம் பலர் திரும்பிப் பார்த்தது அதற்குப் பிறகுதான்.

நான்காவது, மூலமே நின்றுபோகலாம். 2024 டிசம்பரில் ஆம்ஸ்டர்டாமில் உள்ள ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் சர்வர்களின் இணைப்பு அறுந்து, சில நாட்கள் யாரும் படத்தில் திருத்தம் செய்ய முடியவில்லை. சொந்த நகல் வைத்திருந்தவர்களின் வேலை தடைப்படவில்லை.

ஆக, நகல் எடுப்பதற்கு நியாயம் இருக்கிறது. எடுப்பதும் சுலபம். உலகம் முழுவதும் அடங்கிய கோப்பு வாரத்துக்கு ஒருமுறை வெளியாகிறது. சுருக்கிய வடிவிலேயே 80 ஜிபிக்கு மேல். அவ்வளவு வேண்டாம் என்பவர்களுக்கு ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் உள்ள ஜியோஃபாப்ரிக் என்ற நிறுவனம் நாடு வாரியாக, வட்டாரம் வாரியாகப் பிரித்து தினமும் தருகிறது. இந்தியா முழுவதும் ஓரிரு ஜிபிக்குள் அடங்கும். தென்னிந்தியாவுக்கென்று தனிக் கோப்பும் உண்டு. நல்ல கம்ப்யூட்டர் இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் இறக்கிவிடலாம்.

சிக்கல் மறுநாள் காலையில் தொடங்குகிறது. இரவில் யாரோ இடப்பள்ளியில் ஒரு சாலையை ஒருவழி என்று மாற்றியிருப்பார். உள்ளூர் நகலுக்கு அது தெரியாது.

நிமிடத்துக்கு ஒரு கோப்பு

முழுக் கோப்பையும் தினமும் புதிதாக இறக்கலாம். வீட்டுக்கு ஒரு ஜன்னல் மாற்ற வீட்டையே இடித்துக் கட்டுவது போன்ற காரியம் அது. அதனால் மாற்றங்களை மட்டும் தனியாகத் தருகிறார்கள். கடந்த ஒரு நிமிடத்தில் உலகம் முழுவதும் என்ன மாறியது என்பதற்கு ஒரு கோப்பு. மணிக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று என்றும் உண்டு. ஒவ்வொரு கோப்பிலும் மூன்றே கட்டளைகள். புதிதாகச் சேர், இருப்பதை மாற்று, இல்லாததை நீக்கு.

எல்லாக் கோப்புகளுக்கும் வரிசை எண் இருக்கிறது. 2012 செப்டம்பரில் உரிமம் மாறியபோது பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கிய நிமிடக் கோப்புகள் இன்று 60 லட்சத்தைத் தாண்டிவிட்டன. கடைசியாக வெளியான எண் எது, அது எந்த நேரம் வரைக்குமானது என்று சொல்ல ஒரு சின்னக் குறிப்புக் கோப்பும் பக்கத்திலேயே இருக்கும். உள்ளூர் நகல் தான் கடைசியாகச் சாப்பிட்ட எண்ணை ஞாபகம் வைத்திருக்க வேண்டும். மூலத்தின் எண்ணையும் தன் எண்ணையும் ஒப்பிட்டு, விடுபட்டவற்றை வரிசை மாறாமல் இறக்கிச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும்.

வரிசை முக்கியம். நேற்று ஒருவர் நான்கு புள்ளிகள் வைத்தார். இன்று இன்னொருவர் அவற்றைக் கோத்துச் சாலை ஆக்கினார். நேற்றைய கோப்பைத் தவறவிட்டு இன்றையதை மட்டும் சேர்த்தால், இல்லாத புள்ளிகளில் ஒரு சாலை தொங்கும். பார்க்கிறவருக்குச் சாலையே தெரியாது, அல்லது பாதியில் அறுந்து நிற்கும். பழைய தமிழ் ஏடுகளைப் பெயர்த்தெழுதியவர்கள் ஓர் ஓலையைத் தவறவிட்டால் அடுத்த பாட்டின் பொருளே மாறிப்போகும் அல்லவா, அதே கதை.

இந்த வேலைகளுக்கு இலவச சாஃப்ட்வேர்கள் பல இருக்கின்றன. ஆரம்ப காலத்தில் ஆஸ்மோசிஸ் என்ற கருவி. பிறகு பைஆஸ்மியம், ஓஎஸ்எம்-டூ-பிஜிஎஸ்கியூஎல் போன்றவை. கடைசியாகச் சொன்னது தகவல்களை போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஏற்றுவதோடு, புதுப்பிக்கும் துணைக் கருவியையும் தன்னோடு கொண்டுவருகிறது. ஒரு நேரத்தைக் குறித்துக் கொடுத்தால் அதுவே போய் எடுத்துவந்து சேர்த்துவிடும்.

ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு முடிவு எடுக்க வேண்டும். சாலைகளையும் கட்டடங்களையும் வரைந்து முடித்த பிறகு மூலப் புள்ளிகள் எதற்கு என்று நினைத்து, இடத்தை மிச்சப்படுத்த அவற்றை அழித்துவிடும் வசதி இருக்கிறது. அப்படி அழித்தால் டிஸ்கில் இடம் கிடைக்கும், நகலுக்கு ஆயுள் போகும். நாளைக்கு ஒரு புள்ளி பத்து மீட்டர் நகர்ந்தால், அது எந்தச் சாலையைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க வழி இருக்காது. புதுப்பிக்க விரும்புகிறவர் கச்சாப் பொருளையும் கிடங்கில் வைத்திருந்தே ஆக வேண்டும்.

இன்னொரு முடிவும் உண்டு. கேரளத்தை மட்டும் வைத்திருப்பவர் உலக மாற்றக் கோப்பை அப்படியே சேர்த்தால், பிரேசிலின் தெருக்களும் ஜப்பானின் கட்டடங்களும் துண்டு துண்டாக உள்ளே வந்து குடியேறும். எல்லைக்கு வெளியே இருப்பதை அவ்வப்போது வெட்டியெறிய வேண்டும். இல்லாவிட்டால் வட்டாரத்துக்கென்றே வரும் தினசரி மாற்றக் கோப்புகளை எடுத்துக்கொள்ளலாம். நிமிடத்துக்கு நிமிடம் என்பது போய் நாளுக்கு ஒன்று என்றாகும். பெரும்பாலான ஊர்களுக்கு அதுவே தாராளம். பல மாதங்கள் பின்தங்கிவிட்டவருக்கோ, விடுபட்டதைத் துரத்துவதை விட முழுக் கோப்பையும் மீண்டும் இறக்குவதே லாபம்.

மூன்று இடத்தில் பழசு

டேட்டாபேஸ் புதிதானால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏமாறுவார்கள். திரையில் நாம் பார்க்கும் படம் சின்னச் சின்னச் சதுரங்களாக முன்கூட்டியே வரைந்து அடுக்கிவைக்கப்பட்டது. ஒவ்வொருவர் கேட்கும்போதும் புதிதாக வரைந்தால் சர்வர் மூச்சுத் திணறும். ஆகவே டேட்டாபேஸில் சாலை மாறினாலும், வரைந்துவைத்த சதுரம் பழைய சாலையையே காட்டும். எந்தெந்தச் சதுரங்கள் காலாவதியாகிவிட்டன என்று ஒரு பட்டியல் எடுத்து, அவற்றை மட்டும் மறுபடி வரைய வேண்டும். வழி கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர் தனக்கென ஒரு சாலை வலையைக் கட்டிவைத்திருந்தால், அதையும் திரும்பக் கட்ட வேண்டும்.

மூன்றாவது அடுக்கு கையில் இருக்கும் போன். ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மேண்ட் போன்ற செயலிகள் இந்தத் திறந்த வரைபடத்தை போனிலேயே இறக்கி வைத்து, இணைப்பு இல்லாமலே வழி காட்டுகின்றன. மலைப்பாதைகளில் போகிறவர்களுக்கு வரப்பிரசாதம். ஆனால் ஒருமுறை இறக்கியவர் அதை மீண்டும் புதுப்பித்தாரா என்பது அவருடைய மனசாட்சிக்கே வெளிச்சம். சர்வரில் நேற்று வரைக்கும் புதிது, சதுரத்தில் போன மாதம், போனில் போன வருஷம் என்று ஒரே ஊருக்கு மூன்று காலம் நடக்கும்.

புதிதும் பொய் சொல்லும்

அப்படியானால் எப்போதும் புதிதாக இருப்பதே நல்லதா? அங்கேயும் ஒரு முள் இருக்கிறது. யாரும் திருத்தலாம் என்ற படத்தில் விஷமிகளும் கைவைப்பார்கள். 2018 ஆகஸ்டில் ஒருவர் நியூயார்க் நகரத்தின் பெயரை யூதர்களை இழிவுபடுத்தும் ஒரு சொல்லாக மாற்றினார். மூலப் படத்தில் தன்னார்வலர்கள் அதை விரைவிலேயே சரிசெய்துவிட்டார்கள். ஆனால் மேப்பாக்ஸ் என்ற பெரிய நிறுவனத்தின் நகலுக்குள் அது நுழைந்து, ஆகஸ்ட் 30 அன்று ஸ்னாப்சாட் உள்ளிட்ட பல செயலிகளில் தலைகாட்டியது. மூலத்தில் எப்போதோ ஆறிய புண், நகலில் அப்போதுதான் சீழ் பிடித்தது. மாற்றத்தை எடுத்துக்கொள்வதில் காட்டும் வேகத்தை, திருத்தத்தை எடுத்துக்கொள்வதிலும் காட்ட வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

விஷமம் இல்லாமல் அரசாணையாலும் இப்படி நடக்கும். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு நெருக்கமாக ஆங்கிலத்தில் எழுத ஆணையிட்டது. கோயம்புத்தூருக்கும் வேலூருக்கும் நீண்ட புது எழுத்துகள் வந்தன. விமர்சனங்கள் எழவே சில நாட்களில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. அந்த இடைவெளியில் பெயர்களை ஆவலோடு மாற்றிவிட்டு, பிறகு திரும்பிப் பார்க்காத ஒரு நகல் இருந்தால் அது ஒரு வாரத்து வரலாற்றில் உறைந்து நிற்கும்.

பெயர்களைப் பொறுத்தவரை இந்த வரைபடத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. ஒரே ஊருக்கு ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியாகப் பெயர் எழுதலாம். ஆங்கிலத்தில் எகரத்தில் தொடங்கும் ஊர், மலையாளத்திலும் தமிழிலும் இகரத்தில் தொடங்கும் இடப்பள்ளிதான். சரக்கு லாரியோடு வரும் நாமக்கல் டிரைவருக்குத் தமிழில் பெயர் காட்ட இடம் இருக்கிறது. யாராவது எழுதியிருக்க வேண்டும். எழுதியது நகலுக்கு வந்துசேர்ந்திருக்கவும் வேண்டும்.

பாதி இடிந்த பாலம்

இதெல்லாம் கம்ப்யூட்டர்காரர்களின் கவலை என்று ஒதுக்க முடியாது. 2024 நவம்பர் 24 அன்று உத்தரப் பிரதேசத்தில் பரேலிக்கும் பதாவுனுக்கும் இடையே ஒரு கார், ராமகங்கை ஆற்றின் மேல் முடிவுபெறாமல் நின்ற பாலத்திலிருந்து கீழே விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் முன்பகுதி வெள்ளத்தில் முன்பே இடிந்துவிட்டது, அந்த மாற்றம் வழிகாட்டியில் ஏறவில்லை என்று போலீசார் அப்போது தெரிவித்தார்கள். பாதையை மறிக்கத் தடுப்பு இல்லாததும் குற்றச்சாட்டாக எழுந்தது.

இடப்பள்ளிக்கு அருகிலேயே ஒரு துயரம் உண்டு. 2023 அக்டோபர் முதல் தேதி நள்ளிரவு தாண்டிய நேரம். கொச்சியிலிருந்து கொடுங்ஙல்லூருக்குத் திரும்பிக்கொண்டிருந்த கார் ஒன்று, வடக்கு பரவூர் அருகே கோதுருத்தில் ஆற்றுக்குள் இறங்கியது. இரண்டு இளம் டாக்டர்கள் உயிரிழந்தார்கள். போன் காட்டிய வழியில் போனதாகச் சொல்லப்பட்டது. கனமழை, இருட்டு, தெரியாத ஊர் எல்லாம் சேர்ந்துகொண்ட விபத்து. மழைக்காலத்தில் போன் காட்டும் வழியை எப்படி நம்புவது என்று கேரள போலீஸ் அதற்குப் பிறகு மக்களுக்கு அறிவுரை வெளியிட்டது.

இந்த இரண்டு இடங்களிலும் பேசப்பட்டது திறந்த வரைபடம் அல்ல. ஆனால் பாடம் எல்லா வரைபடத்துக்கும் பொது. படமே இல்லாதவன் வழியில் நாலு பேரைக் கேட்பான். பழைய படம் வைத்திருப்பவன் கேட்கமாட்டான். பழைய படத்தின் ஆபத்து அது தரும் தைரியத்தில் இருக்கிறது. தனியார் படமானால் தவறைச் சொல்லிவிட்டு அவர்கள் மாற்றும்வரை காத்திருக்க வேண்டும். திறந்த படமானால் அந்த ஊர்க்காரரே அன்று மாலையே பாலத்தை மூடிவிடலாம். ஆனால் அந்த ஊர்க்காரரின் திருத்தம் ஆம்புலன்ஸ் டிரைவரின் திரைக்கு வந்துசேர, நடுவில் ஒரு நகல் தூங்காமல் இருக்க வேண்டும்.

யார் பொறுப்பு?

வரைபடம் வரைவதே குற்றமாகிவிடுமோ என்று அஞ்சிய காலம் இந்தியாவில் சமீபத்தில்தான் கழிந்தது. 2016-ல் மத்திய அரசு சுற்றுக்கு விட்ட மசோதா வரைவு, அனுமதியில்லாமல் புவித்தகவல் சேகரித்தால் நூறு கோடி ரூபாய் வரை அபராதமும் ஏழு ஆண்டு வரை சிறையும் என்று மிரட்டியது. எதிர்ப்புக்குப் பின் அது சட்டமாகவில்லை. 2021 பிப்ரவரியில் காற்று திசை மாறியது. இந்தியர்களும் இந்திய நிறுவனங்களும் வரைபடத் தகவல் சேகரிக்க முன் அனுமதி வேண்டாம் என்று புதிய வழிகாட்டு நெறிகள் வந்தன. 1802-ல் சென்னை பரங்கிமலையருகே வில்லியம் லாம்ப்டன் அடிக்கோடு அளந்த நாளிலிருந்து அரசின் சொத்தாக இருந்த வேலை, மக்கள் கைக்கும் வந்தது.

சட்டம் வழிவிட்ட பிறகு மிஞ்சுவது சோம்பல். ஒரு திட்டத்துக்குப் பணம் வரும். வரைபடம் இறக்குவார்கள், திறப்பு விழா நடக்கும். புதுப்பிக்கும் வேலைக்கு விழா கிடையாது, அதற்கென்று ஒரு தலைப்பில் பணமும் ஒதுக்கப்படுவதில்லை. நகலை நிறுவிய இளைஞர் வேறு வேலைக்குப் போய்விட்டால், இரவில் தானாக ஓடிக்கொண்டிருந்த புதுப்பிப்பு ஒருநாள் டிஸ்க் நிரம்பி நிற்கும். நின்றது யாருக்கும் தெரியாது. படம் வழக்கம்போல அழகாகவே திரையில் வரும். பசிக்கும் குழந்தை அழும். பழசாகும் வரைபடம் அழுவதில்லை.

ஆகவே முதல் வைத்தியம், தேதி. எந்த நாள் வரைக்குமான தகவல் இது என்று படத்தின் ஓரத்தில் பொறித்துவிட வேண்டும். மூலத்தின் வரிசை எண்ணுக்கும் நகலின் வரிசை எண்ணுக்கும் இடைவெளி ஒரு நாளைத் தாண்டினால் யாருக்காவது தகவல் போகும்படி செய்வது அரை மணி நேர வேலை. தேதி இல்லாத படம் அட்டை கிழிந்த பஞ்சாங்கம். எந்த வருஷத்தது என்று தெரியாமல் முகூர்த்தம் பார்க்க முடியாது.

இரண்டாவது, திருத்தத்தை எங்கே செய்வது என்பதில் தெளிவு. தன் நகலில் ஒரு தவறைப் பார்க்கும் அலுவலகம், அதை அங்கேயே திருத்திவிட்டுத் திருப்தியடையும். அடுத்த புதுப்பிப்பில் மூலத்திலிருந்து அதே சாலைக்கு ஒரு மாற்றம் வந்தால் அந்தத் திருத்தம் அடித்துக்கொண்டு போய்விடும். திருத்தம் மூலத்தில் நடக்க வேண்டும். நகலுக்கு அது தானாக வந்துசேரும், மற்ற எல்லா நகல்களுக்கும் சேர்த்து. நோயாளிகளின் வீடு, முகாமில் இருப்போர் பட்டியல் போன்ற வெளியில் சொல்லக்கூடாத தகவல்களை மட்டும் தனி அடுக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஒரு ஆள். கிராமக் கணக்குக்கு ஒருவர் பொறுப்பு என்று வைத்து, வருஷா வருஷம் அடங்கல் எழுதவைத்த நாடு இது. கொச்சி மாநகராட்சியின் வார்டுகள் 2025 டிசம்பர் தேர்தலுக்காகத் திருத்தி வரையப்பட்டு 74-லிருந்து 76 ஆயின. எல்லைகள் மாறிய அந்த ஒரு காரியத்துக்கே படத்தில் எத்தனை கோடுகள் நகர வேண்டும்! அதைக் கவனிக்க ஓர் ஆளும், வாரத்தில் ஒரு மணி நேரமும் போதும்.

இலவசமாகக் கிடைத்த வரைபடத்துக்குக் கொடுக்க வேண்டிய விலை அவ்வளவுதான். அதைக் கொடுக்காத இடத்தில், அடுத்த வெள்ளத்தின்போது மீட்புப் படகு எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்பதைப் பல ஆண்டுகளுக்கு முன் இறக்கிய ஒரு கோப்பு முடிவு செய்யும்.